என் கொழுப்பும் அவருடைய நார்மலும்

"உங்களுக்குத்தான் கொழுப்பு ஜாஸ்திங்க ஆன்ட்டி. அங்கிளுக்கு ஒண்ணுமே இல்ல."

காலையில் காபி ஆறுவதற்குள் ஒரு சின்னப் பெண் போன் செய்து இப்படிச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறோம்! வகுப்பில் பெஞ்ச் மேல் ஏறி ஆடுகிறவனிடம், "கொழுப்பாடா?" எதிர்த்துப் பேசுகிற நாத்தனாரைப் பற்றி, அவர் அந்தப் பக்கம் போனதும், "கொழுப்பு ஏறிப்போச்சு." இப்போது அதையே ஒரு லேப் அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து என்னிடம் தரப்போகிறது. கொழுப்பு எடுத்தவள் என்பதற்கு ஆதாரம்!

சிரிப்பு ஒரு நிமிஷம்தான். அந்தப் பெண் சொன்ன இரண்டாவது வாக்கியம் அப்புறம்தான் உறைத்தது.

அங்கிளுக்கு ஒண்ணுமே இல்லையாம்.

ஒண்ணுமே... இல்லையா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள். பல வருஷமாக, அந்த வைரஸை அடக்கிவைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறோம். வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. வேலைக்குப் போகிறோம், சண்டை போடுகிறோம், கல்யாணப் பந்தியில் பாயசம் இரண்டாம் முறை கேட்கிறோம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்க நினைக்கிறீர்களா? அந்தக் கேள்விக்கு நாங்கள் அழுது முடித்து ரொம்ப நாளாகிவிட்டது. நீங்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

நான் ஆரணியில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். பெயர் அருள்மேரி. அவர் அருள்தாஸ், பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர். பார்டரில் அன்னம் வேண்டுமா, முந்தியில் மாங்காய் வேண்டுமா — எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்கு அனுப்புவார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். நடுவில் ஒரு தடவை எழுந்திருப்பதும் பஜ்ஜிக்காகத்தான்.

நான் அப்படியா? நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் எடுக்கிறேன். பஜ்ஜியைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. மதியச் சாப்பாட்டில் கீரை இல்லாத நாளே கிடையாது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. ஒரே குக்கர் சோறு. ஒரே எண்ணெய் டின். அப்புறம் எப்படி எனக்கு மட்டும் ஏறும்? அவருக்கு மட்டும் எப்படி ஏறாமல் இருக்கும்?

வயிறு எரிந்தது. மறைத்துப் பேச என்ன இருக்கிறது? பொறாமைதான்.

அந்த டெஸ்டை எடுக்கச் சொன்னது எங்கள் ஏ.ஆர்.டி. சென்டரில் இருக்கும் டாக்டரம்மா. மாதாந்திர மாத்திரை வாங்கப் போன இடத்தில், "உங்க ரெண்டு பேருக்கும் வயசு ஏறுது, ரத்தத்துல கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாம். வெறும் வயித்துல எடுக்கணும்" என்றார். நாங்களோ பஸ் ஏறும்முன் ஆளுக்கு நாலு இட்லி உள்ளே தள்ளிவிட்டுப் போயிருந்தோம். சரி, ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஆரணியில் ஒரு லேபுக்குப் போனோம். ரத்தம் எடுத்த பெண் பெயர் கேட்டாள்.

"ஏ. அருள்தாஸ்" என்றார் அவர்.

"ஏ. அருள்மேரி" என்றேன் நான்.

"அட, ரெண்டு பேருமே ஏ. அருளா? சூப்பர் மேட்ச்சு ஆன்ட்டி!" என்று அவள் சிரித்தாள். அவருடைய அப்பா அந்தோணி, அதனால் அவருக்கு ஏ. கல்யாணத்துக்குப் பிறகு என் அப்பாவின் இனிஷியலைக் கழற்றிவிட்டு அருள்தாஸின் ஏ-யை என் பெயருக்கு முன்னால் மாட்டிக்கொண்டேன். நம் ஊரில் வழக்கமாக எல்லாப் பெண்களும் செய்வதுதான். அவள் சின்ன டியூப்களில் எங்கள் பெயரை எழுதிக்கொண்டாள். நாங்கள் போய் இட்லி சாப்பிட்டோம்.

அடுத்த நாள்தான் அந்த போன்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். ட்ரைகிளிசரைடு என்று ஒரு கொழுப்பு, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது, எனக்கு முந்நூறைத் தாண்டியிருந்தது. கெட்ட கொழுப்பு அதிகம், நல்ல கொழுப்பு கம்மி. கொழுப்பிலேயே நல்லது கெட்டது இருக்கிறதாம். எனக்கு வாய்த்தது கெட்டது.

"ஏன் மேடம் எனக்கு மட்டும்?" என்று கேட்டேன். குரலில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு இது அடிக்கடி வர்றதுதான் மேரி. அந்த வைரஸே கொழுப்பு கணக்கை மாத்தும். சில மாத்திரைங்களும் ஏத்திவிடும், முக்கியமா பழைய மாத்திரைங்க. வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் உள்ளுக்குள்ள லேசா ஒரு புகைச்சல் இருந்துகிட்டே இருக்கும். அது ரத்தக் குழாய்க்கு ஆகாது. அதனால மத்தவங்களைவிட நாம இதயத்தை இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாப் பார்த்துக்கணும்."

உள்ளுக்குள்ள லேசா ஒரு புகைச்சல்! நான் திரும்பி அருள்தாஸைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். என் புகைச்சலை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிட்டாரோ என்று சந்தேகமாகிவிட்டது.

"மூணு மாசம் எண்ணெயைக் குறைங்க, தினமும் வேகமா நடங்க. மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு, தேவைப்பட்டா கொழுப்புக்கு மாத்திரை ஆரம்பிக்கலாம்" என்றார் அவர். பிறகு அருள்தாஸிடம், "உங்களுக்கு நார்மல். இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க."

இப்படியே மெயின்டெய்ன் பண்ணவா? அந்தப் பஜ்ஜியையா?

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த அம்மா என் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்து, "எவ்ளோ வந்துச்சு?" என்றார். எங்கள் சென்டரில் இது சகஜம். முன்பெல்லாம் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று காட்டுகிற சி.டி.ஃபோர் எண்ணிக்கையை அப்படித்தான் கேட்போம் — உனக்கு எவ்ளோ, எனக்கு எவ்ளோ என்று. அறுநூறு வாங்கினவரை இருநூறு வாங்கினவர் பார்க்கிற பார்வை இருக்கிறதே... பத்தாவது ரிசல்ட் அன்று ஸ்கூல் வாசலில்கூட அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. நம் ஆட்களுக்கு நோயிலும் ரேங்க் வேண்டும்! அந்த அம்மாவைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் பஸ் ஏறும்வரை நானும் என் வீட்டுக்காரரின் மார்க்கைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெருவில் என்மேல் பொறாமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரம்மா ஒரு நாள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இப்பல்லாம் நல்லா தளதளன்னு ஆயிட்டீங்க. இன்னா சாப்ட்றீங்க?" என்றார். நான் சாப்பிடுவதைச் சொன்னால் தாங்குவாரா? ஒரு காலத்தில் இந்த நோய் என்றாலே எலும்பும் தோலும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இன்று மாத்திரை சாப்பிட்டு உடம்பு ஏறிப்போய், கொழுப்பைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறோம். பிழைத்துக் கிடந்ததால் வந்த தொல்லை இது. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரியும். தெரிந்தாலும் சந்தோஷம் வரவில்லை.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? அது எட்டாத இடத்தில் இருப்பவர்கள்மேல் வராது. மாடமாளிகையில் இருப்பவரைப் பற்றி நமக்கென்ன? பக்கத்துத் தட்டில் இருக்கும் வடையின் மேல்தான் வரும்.

என் பக்கத்துத் தட்டு அருள்தாஸுடையது.

நான் கோட்டை மைதானத்தில் நடக்க ஆரம்பித்தேன். அவர் "துணைக்கு வரேன்" என்று கூடவே வருவார். வந்து என்ன செய்வார்? ஓரமாக இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். நான் வியர்க்க விறுவிறுக்க ஒரு சுற்று வரும்போது கையில் போண்டா இருக்கும். அடுத்த சுற்று வரும்போது கையில் போண்டா இருக்காது, வாயில் இருக்கும்.

"இன்னாங்க, வெக்கமா இல்ல? நான் இங்க நாய் மாதிரி சுத்திகினு இருக்கேன், நீங்க உக்காந்து துன்னுகினு இருக்கீங்க?"

"நார்மலு மேரி! நானா சொல்றேன்? டாக்டரம்மாவே சொன்னாங்க, இப்பிடியே மெயின்டெய்ன் பண்ணுன்னு."

"எழுந்து ஒரு ரவுண்டு வந்தா இன்னா கெட்டுப்போச்சு?"

"கொழுப்பு இருக்கறவங்க நடக்கணும். எனக்குத்தான் அது இல்லியே!" என்று கண்ணைச் சிமிட்டுவார். அந்த டீக்கடைக்காரர் வேறு சிரிப்பார். என்னவோ பெரிய ஜோக் மாதிரி.

அவர் சொல்கிற ஒவ்வொரு "நார்மலு"க்கும் எனக்குள் ஒரு அடுப்பு எரியும்.

வீட்டில் இரண்டு சமையல் ஆனது. எனக்கு எண்ணெய் காட்டாத பொரியல், கேழ்வரகுக் களி, மோர். அவருக்கு? இங்கேதான் நான் கொஞ்சம் வில்லி ஆனேன். எனக்குக் கிடைக்காத எல்லாவற்றையும் அவருடைய தட்டில் போட்டேன். தோசை வார்த்தால் நெய்யை ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுத்தால், கொழுப்புத் துண்டாகத் தேடி எடுத்து அவருக்கு வைத்தேன்.

"இன்னாடி, இன்னைக்கு ஒரே உபசாரமா இருக்கு?"

"நீங்கதான் நார்மலாச்சே. சாப்பிடுங்க, சாப்பிடுங்க. உங்களுக்கு இன்னா ஆகப்போவுது?"

அன்பு என்று நினைத்தார் மனுஷன். எதிரில் நான் களியை உருட்டிக்கொண்டு, அவர் எலும்பை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறட்டும்... அடுத்த டெஸ்டில் இந்த மனுஷனுக்கும் கொஞ்சம் ஏறட்டும். அப்போது தெரியும் களியின் ருசி.

சர்ச்சில்கூட எனக்கு வேறு நினைப்பு இல்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, என் கொழுப்பைக் குறைத்தருளும்" என்று ஆரம்பிப்பேன். கடைசியில் என்னை அறியாமலேயே, "அவருக்கும் கொஞ்சம் ஏத்திக் காட்டும். கொஞ்சம் போதும்" என்று முடியும். கட்டின புருஷனுக்காக ஒரு மனைவி வைத்த விண்ணப்பம் இது! ஆமென் சொல்ல மட்டும் வாய் கூசும்.

மூன்று மாதம் முடிந்தது. இந்தத் தடவை முதல் பஸ்ஸில், வெறும் வயிற்றோடு கிளம்பினோம். சென்டர் இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் கொடுத்துவிடலாம் என்று. களம்பூர் தாண்டும்போது ரைஸ் மில்லிலிருந்து நெல் அவிக்கிற வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. அருள்தாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பேஜாரா இருக்கு மேரி. ஒரு டீயாச்சும் குடிக்கலாமே" என்றார். "ஒரு வேளை பசி தாங்க மாட்டீங்களா? நான் மூணு மாசமா பசியோடதான இருக்கேன்!" என்று வாயை அடைத்தேன்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வெறும் வயிறு."

நானும் வெறும் வயிறுதான். நான் மேல்படியில் நின்று அவரைப் பார்த்தேன். இத்தனை நாள் நடந்ததில் என் கால் எவ்வளவு லேசாகிவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

மதியம் ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா கூப்பிட்டார். முதலில் என் பேப்பரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேரி! எல்லாமே நார்மல். ட்ரைகிளிசரைடு நூத்திச் சொச்சம்தான்."

எனக்கு எழுந்து நின்று கும்மியடிக்கலாம் போலிருந்தது. இத்தனை நாள் தின்ற களி வீண் போகவில்லை! நான் திரும்பி அருள்தாஸைப் பார்த்து, எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த அந்த வார்த்தையைச் சொன்னேன். "நார்மலு!"

அவர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அருள்தாஸுடைய பேப்பரைக் கையில் வைத்திருந்தார்.

"அருள்தாஸ், உங்களுக்கு ரொம்ப ஏறியிருக்கே. ட்ரைகிளிசரைடு நானூறுக்குக் கிட்ட. கெட்ட கொழுப்பும் அதிகம்."

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி, எனக்குள் என்னவோ துள்ளியது. என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது! இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடி உண்மை.

டாக்டரம்மா விடவில்லை. "மூணு மாசத்துல இவ்வளவு எப்படி ஏறும்? இவங்களுக்கு எப்படி இவ்வளவு இறங்கும்? எண்ணெயைக் குறைச்சதும் நடந்ததும் நல்லதுதான், ஆனா இது ரொம்ப ஜாஸ்தியா இருக்கே. பழைய ரிப்போர்ட் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் கண்ணில் இத்தனை நாள் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. அருள்தாஸுடைய பழைய ரிப்போர்ட்டில், பெயர் இருக்கும் இடத்தில் 'ஏ. அருள் எம்' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. பக்கத்தில், ஆண்.

"இந்த எம், மேரிங்கற எம்மா... ஆம்பளைன்னு போடற 'மேல்' எம்மா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே லேபுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அதே பெண்தான் எடுத்தாள். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார்.

"மேடம்... டியூப் சின்னதுங்களா, முழுப் பேரு எழுத இடமில்ல. ஆன்ட்டிக்கு ஏ. அருள் எம், அங்கிளுக்கு ஏ. அருள் டி-ன்னு எழுதினேன். எம்முன்னா மேரிங்க மேடம். உள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தற அண்ணன் எம்முன்னா மேல், ஆம்பளைன்னு நெனச்சிகினு அத அங்கிளுதுன்னு போட்டுட்டாரு போல, டி ஆன்ட்டிக்குப் போயிடுச்சி... ஐயோ, ஆன்ட்டி சாரி ஆன்ட்டி..." அழுதுவிட்டாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மேரியில் ஒரு எம். மேலில் ஒரு எம். இரண்டு பேருக்கும் ஏ. அருள். நானாக இருந்தாலும் குழம்பியிருப்பேன்.

டாக்டரம்மா போனை வைத்துவிட்டுச் சொன்னார். "ஆள் மாறிப் போயிருக்கு. மேரி, உங்களுக்கு அப்பவும் நார்மல்தான். அருள்தாஸ், அந்த ஏறின கொழுப்பு உங்களுது."

அதாவது...

நான் பொறாமைப்பட்ட அந்த நல்ல ரிப்போர்ட் என்னுடையது. என்னைப் பார்த்தே நான் வயிறெரிந்திருக்கிறேன். மைதானத்தைச் சுற்ற வேண்டியவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். களி தின்ன வேண்டியவரின் தட்டில் நான் நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தேன். மட்டனில் தேடித் தேடி எடுத்து வைத்தேனே, அந்தத் துண்டுகள்... ஒவ்வொன்றும் என் கண் முன்னால் வந்தது.

டாக்டரம்மா இப்போது அவரை வேறு மாதிரி பார்த்தார். "மூச்சு வாங்குதா? நெஞ்சு பிடிக்குதா?"

அருள்தாஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "டிசைன் போடற கடை மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் புடிக்கிற மாதிரி இருக்கும் மேடம். உக்காந்தா சரியாயிடும். ரிப்போர்ட்டுதான் நார்மலாச்சே, கேஸா இருக்கும்னு சோடா குடிச்சிகினு இருந்தேன்."

"எத்தினி நாளா?" கேட்டது நான்.

"கொஞ்ச நாளா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? நார்மலுன்னு ஒரு வார்த்த சொன்னாலே நீ எரிஞ்சி விழுந்துகினு இருந்த. நெஞ்சு வலின்னு சொன்னா, என்னைப் பார்த்து நீங்களும் முடியலன்னு நடிக்கிறீங்களா, இதுலயும் போட்டியான்னு கேப்பியோன்னு..."

கேட்டிருப்பேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன்.

டாக்டரம்மா பட்டென்று சீட்டு எழுதினார். "முதல்ல ஈ.சி.ஜி. இப்பவே எடுங்க. அப்புறம் கொழுப்புக்கு மாத்திரை எழுதறேன். ஏ.ஆர்.டி.யோட ஒத்துப்போற மாத்திரையாப் பார்த்துத்தான் தரணும், அதனால மெடிக்கல்ல நீங்களா எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுடாதீங்க. கொழுப்பு ஏறிடுச்சேன்னு பயந்து ஏ.ஆர்.டி.யை நிறுத்திடவும் கூடாது. புரியுதா?"

அருள்தாஸ் தலையாட்டினார். நான் தலையாட்டினேனா என்று ஞாபகமில்லை.

பதறாதீர்கள். இதை எழுதும்போது அவர் அடுத்த அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம். இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டிவிட்டேன். "அந்த வேண்டுதல் மேட்டர உட்டுடேன்" என்றார். விட மாட்டேன் என்றேன்.

ஆனால் அன்றைக்கு, அந்த ஈ.சி.ஜி. அறை வராந்தாவில், எனக்கு இது எதுவும் தெரியாது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று வயசாகிப்போனவர் மாதிரி இருந்தார். நான் சீட்டைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ஆண்டவரே, அந்த லேப் பெண் முதலில் சொன்னதே சரியாக இருந்திருக்கக் கூடாதா? முந்நூறோ நானூறோ, அது என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? வாழ்நாள் முழுக்கக் களி தின்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடும்... என்னிடமே கொடுத்துவிடும்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"ஈ.சி.ஜி. யாருக்கும்மா?"

"எனக்கு" என்றேன்.

நர்ஸ் என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "இன்னாம்மா, அருள்தாஸ்னு ஆம்பள பேரு போட்டிருக்கு?"

அதற்குள் அருள்தாஸ் எழுந்து வந்தார். சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே, என்னைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். போகும்போது நர்ஸிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ஒண்ணு வந்தா இவளுக்குப் பொறுக்காதுங்க."

வாஸ்தவம்தான். பொறுக்கவில்லை.